மாறி என்ற முதல் தடை

மூன்று வரிகள் போதும்.

க = 10
ச = 20
க = ச

இவை ஓடி முடிந்தபின் க-வின் மதிப்பு என்ன, ச-வின் மதிப்பு என்ன? நிரல் எழுதிப் பழகியவர் இரண்டும் 20 என்று யோசிக்காமலே சொல்லிவிடுவார். அன்றுதான் தொடங்கியவர்களிடம் கேட்டால் விடைகள் பலவிதமாக வரும். க-வில் 20, ச காலி; ச-வில் இருந்ததுதான் க-வுக்குப் போய்விட்டதே. க-வில் 30, புதியது பழையதோடு சேர்ந்துவிட்டது. இரண்டும் இடம் மாறிக்கொண்டன. ச-வில் 10, இடமிருந்து வலமாகத்தானே வாசிக்கிறோம், மதிப்பும் அப்படித்தான் நகரும். இன்னும் சிலர், 10ம் 20ம் எப்படிச் சமமாகும், கணக்கே தப்பு என்பார்கள்.

இந்த மாதிரிக் கேள்விகளைக் கொண்ட தாளை 2006இல் பேசுபொருளாக்கியவர்கள் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்நாதியும் ரிச்சர்ட் போர்னட்டும். நிரல்மொழி எதுவும் கற்காதவர்களிடமே அதைக் கொடுத்தார்கள். விடை சரியா என்று பார்க்கவில்லை. ஒருவர் தமக்குத் தோன்றிய தர்க்கத்தை எல்லாக் கேள்விகளுக்கும் விடாமல் பிடித்திருக்கிறாரா என்று பார்த்தார்கள். அப்படிப் பிடித்திருந்தவர்களே பிறகு பாடத்திலும் தேறினார்கள் என்று எழுதியதும், 'கோடிங் சிலருக்குத்தான் வரும், அது பிறவியிலேயே இருக்க வேண்டும்' என்ற பேச்சு உலகெங்கும் கிளம்பிவிட்டது. 2014இல் போர்னட் அந்தக் கட்டுரையின் முடிவுகளை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். முதல் செய்தி போன வேகத்தில் இரண்டாம் செய்தி போகவில்லை. நம் கல்லூரிகளில் 'உனக்கெல்லாம் லாஜிக் வராது' என்று முதல் மாதத்திலேயே தீர்ப்பு எழுதும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

திரும்பப் பெற்றது போக அந்தத் தாளில் மிஞ்சுவது பயனுள்ளது. பிள்ளைகள் வெற்று மனத்தோடு வகுப்புக்கு வருவதில்லை. ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மாறி என்பது என்ன என்பதில் பெரும்பாலோர் தடுமாறுவதில்லை என்று தெரியும். அவர்கள் தடுமாறுவது 'எப்போது' என்பதில். மூன்று வரிகளையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் மூன்று கூற்றுகளாகப் படிக்கிறார்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடியும் மூன்று செயல்கள் என்பது எழுத்தில் எங்குமே தெரிவதில்லை. மாறியை அறிமுகப்படுத்த இதுவரை முயன்ற வழிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: நிரலுக்குள் ஓடும் காலத்தை அந்த வழி காட்டுகிறதா, மறைக்கிறதா?

மறைப்பதில் முதல் பங்கு பள்ளிக் கணிதத்துக்கு. ஆறாம் வகுப்பில் எக்ஸ் வந்து உட்காருகிறது. சமன்பாட்டில் அது கண்டுபிடிக்க வேண்டிய எண். சூத்திரத்தில் எந்த எண்ணுக்கும் பொருந்தும் இடம். சார்பு வரும்போது ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் அளவு. பிரிட்டனில் டீட்மார் கூகமன் 1970களின் இறுதியில் பதின்வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்கள் எழுத்தை ஆறு விதமாகக் கையாள்வதாக வகைப்படுத்தினார். அந்த ஆறில் எதுவும் நிரலுக்கு முழுதாகப் பொருந்தாது. ஒரே கணக்குக்குள், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் எழுத்தின் மதிப்பு மாறுவது கணிதப் பாடத்தில் நடக்காத சங்கதி. 'எண் = எண் + 1' என்று பலகையில் எழுதியதும் முதலில் கை தூக்குவது பெரும்பாலும் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைதான்: இரு பக்கமும் எண்ணைக் கழித்தால் 0 = 1 வருகிறதே! அந்தப் பிள்ளை கேட்டது முற்றிலும் நியாயம். 'கம்ப்யூட்டரில் அப்படித்தான்' என்று கடந்துபோவதுதான் அநியாயம்.

சமக்குறிக்கு இன்னொரு வம்பும் உண்டு. தொடக்கப் பள்ளியில் '3 + 5 =' என்று பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அந்தக் குறி 'விடையை இங்கே எழுது' என்ற கட்டளை. கரோலின் கீரன் 1981இல் இதை விரிவாக எழுதினார். நிரலிலும் அது கட்டளைதான், ஆனால் திசை தலைகீழ்: கணக்கு வலப்பக்கம், விடை போய்ச் சேரும் பெயர் இடப்பக்கம். அதனால்தான் புதிதாக வருபவர்கள் 'க + ச = மொத்தம்' என்று எழுதுகிறார்கள். அண்மைப் பைத்தான் பதிப்புகள் இதற்குப் பிழை காட்டுவதோடு, ஒருவேளை இரட்டைச் சமக்குறி போட நினைத்தீர்களோ என்று கேட்கவும் செய்கின்றன. நல்லெண்ணம்தான். மாணவர் அதை நம்பி இரட்டைக் குறி போட்டால், மொத்தத்துக்கு ஏற்கெனவே மதிப்பு இல்லாதவரை, வேறொரு பிழை வந்து நிற்கும்.

இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாததாக இருக்கவில்லை. ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் சமக்குறியை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அல்கால் மொழிக்காரர்கள் ':=' என்ற குறியை வைத்தார்கள்; நிக்லாஸ் விர்த் 1970இல் பாஸ்கலுக்கும் அதையே எடுத்தார். ஏபிஎல் இடம் நோக்கிய அம்பை வைத்தது. புள்ளியியல்காரர்களின் ஆர் மொழியில் அம்பு இன்றும் வாழ்கிறது. டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் குர்ட்ஸும் 1964இல் மாணவர்களுக்கென்றே செய்த பேசிக் மொழி, சமக்குறியை வைத்துக்கொண்டாலும் வரியின் தலையில் 'லெட்' என்ற சொல்லைக் கட்டாயமாக்கியது. 'இப்படி ஆகட்டும்' என்று அந்த வரி ஒரு செயலாகவே ஒலித்தது. கோபாலில் 'மூவ்' என்ற வினைச்சொல். அது நகர்த்துகிறேன் என்று சொல்லிவிட்டு நகல்தான் எடுக்கும் என்பது வேறு கதை. கடைசியில் வென்றது 1970களின் தொடக்கத்தில் பிறந்த சி மொழி. ஒப்பிடுவதைவிட மதிப்பு கொடுப்பதே அதிகம் நடக்கிறது, எனவே அதற்கு ஒற்றைக் குறி; ஒப்பிட இரட்டைக் குறி. பழகியவரின் விரலுக்கு அது சிக்கனம். அந்தச் சிக்கனத்தின் விலையை ஐம்பது ஆண்டுகளாகத் தொடக்கநிலை மாணவர் கட்டிக்கொண்டிருக்கிறார். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எல்லாம் அந்தப் பரம்பரைதான்.

குறியை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. வாசிப்பை மாற்றலாம். 'க சமம் ச' என்று பலகையின் முன் ஒருமுறைகூடச் சொல்லாமல், 'ச-வின் இப்போதைய மதிப்பைக் க-வுக்குக் கொடு' என்று வலமிருந்து இடமாக வாசித்துக் காட்டும் ஆசிரியர் பாதித் தடையைத் தாண்ட வைத்துவிடுவார். 'இப்போதைய' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

பேசிக் படித்தவர்களுக்கு 'லெட்' இருந்தும் குழப்பம் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1983இல் பேமனும் மேயரும் வெளியிட்ட ஆய்வில், அப்படி ஒரு வரியைக் கண்டதும் கணினி அந்தச் சமன்பாட்டையே நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது என்று பல மாணவர்கள் நினைத்திருந்தார்கள். மொத்தம் = விலை × அளவு என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு விலை மாறும்போதெல்லாம் மொத்தமும் தானே மாறும் என்ற நம்பிக்கை இதன் உடன்பிறப்பு. இன்று இந்த நம்பிக்கைக்கு எக்செல் வேறு துணை. அங்கே ஒரு கட்டத்தில் சூத்திரம் போட்டால் அது நிஜமாகவே உயிரோடு இருக்கிறது, மேலே எண்ணை மாற்றினால் கீழே தொகை மாறுகிறது. கணினி மையத்தில் எக்செல் முடித்துவிட்டுப் பைத்தானுக்கு வரும் மாணவரிடம் இந்த வேறுபாட்டை முதல் நாளே காட்டிவிடுவது நல்லது.

பெரும்பாலான பாடநூல்களும் ஆசிரியர்களும் கையிலெடுப்பது பெட்டி. மாறி என்பது பெயர் ஒட்டிய பெட்டி, அதற்குள் மதிப்பைப் போட்டு வைக்கிறோம். சட்டென்று பிடிபடும், படம் வரையலாம். ஆனால் நிஜப் பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் வைக்கலாம். ஒன்றை எடுத்து அடுத்த பெட்டிக்கு மாற்றினால் முதல் பெட்டி காலியாகும். மாறியில் இரண்டும் நடக்காது. பெனடிக்ட் டு பூலே 1986இலேயே, பெட்டி உவமையை அளவுக்கு மீறி நம்பிய மாணவர்கள் ஒரு மாறிக்குள் பல மதிப்புகள் தங்கும் என்று எண்ணுவதைச் சுட்டிக்காட்டினார். தொடக்கத்தில் பார்த்த 'ச காலி', 'க-வில் 30' இரண்டும் பெட்டியிலிருந்து பிறந்த பிழைகள்தான்.

பெட்டிக்கு மாற்றாக வந்தது பெயர்ச்சீட்டு. மதிப்பு எங்கோ தனியே இருக்கிறது. மாறி அதன்மேல் ஒட்டிய சீட்டு. வேறு மதிப்பு கொடுத்தால் சீட்டைப் பிரித்து வேறிடத்தில் ஒட்டுகிறோம். பைத்தான் உள்ளே நடந்துகொள்ளும் விதத்துக்கு இதுவே நெருக்கம். நெதர்லாந்தில் ஃபெலீன் ஹெர்மன்ஸ் குழுவினர் 2018இல் இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தார்கள்: புதியவர்களில் ஒரு பாதிக்குப் பெட்டி, மறு பாதிக்குச் சீட்டு. ஒரே ஒரு மதிப்பு மட்டும் வரும் எளிய கேள்விகளில் பெட்டிக்காரர்கள் முந்தினார்கள். ஒரு மாறி ஒரே நேரத்தில் இரண்டு மதிப்புகளை வைத்திருக்கும் என்று நினைப்பதிலும் அவர்களே முந்தினார்கள். ஆக, பெட்டி முதல் நாளைச் சுலபமாக்கிவிட்டு மூன்றாம் நாள் வட்டி கேட்கிறது.

எனக்கு இரண்டையும்விட நகைக்கடைப் பலகை பிடிக்கும். '22 காரட், ஒரு கிராம்' என்ற எழுத்து நிரந்தரமாக அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் விலை மட்டும் தினம் அழித்து எழுதப்படுகிறது. நேற்றைய விலை எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை. ஒரே வரிசையில் இரண்டு விலைகளும் இருக்க முடியாது. விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் பலகை காலியாகிவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்று போட்ட பில்லில் உள்ள தொகை இன்று பலகையில் விலை ஏறியதால் ஏறாது. பில் போட்ட அந்தக் கணத்தின் விலை அதில் நகலாகிவிட்டது. 'மொத்தம் = விலை × அளவு' என்ற வரி அந்த பில்தான். பெட்டியும் சீட்டும் சொல்லாத காலம் இதில் வந்துவிடுகிறது. எல்லா உவமைகளையும்போல இதுவும் ஓரிடத்தில் உடையும். பைத்தானில் பட்டியல்கள் வரும் இடம் அது.

உவமையே வேண்டாம், காலத்தையே தள்ளிப்போடுவோம் என்றும் ஒரு மரபு உண்டு. எம்ஐடியில் ஹெரால்ட் ஏபெல்சனும் ஜெரால்ட் சஸ்மனும் எழுதி 1985இல் வெளிவந்த புகழ்பெற்ற பாடநூல், ஏற்கெனவே உள்ள பெயருக்குப் புது மதிப்பு கொடுக்கும் கட்டளையை மூன்றாம் அத்தியாயம் வரை காட்டுவதே இல்லை. அதுவரை எல்லாம் சார்புகள். பெயருக்கு ஒருமுறை பொருள் கொடுத்தால் கொடுத்ததுதான். கணிதத்தில் கற்றதை மறக்கச் சொல்லாத வழி இது. மூன்றாம் அத்தியாயத்தில் மாற்றம் நுழையும்போது, அதோடு சேர்ந்து காலம் என்ற தொல்லையும் உள்ளே வருகிறது என்று அந்நூல் பக்கம்பக்கமாக விளக்குகிறது. இத்தனை நேர்மையாக இந்த விஷயத்தைப் பேசிய தொடக்கநூல் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது எம்ஐடி மாணவரை மனத்தில் வைத்து எழுதியது. பொதுத்தேர்வு நெருங்கும் மேல்நிலை வகுப்பில் இரண்டு அத்தியாயம் காத்திருக்கச் சொல்ல முடியாது.

அந்த யோசனையின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் சில வகுப்புகளில் எந்தப் பெயருக்கும் இரண்டாம் முறை மதிப்பு கொடுக்காமல் நிரல் எழுத வைப்பது. நீளம், அகலம், பரப்பு. விலை, வரி, தொகை. பெயர் வைப்பதால் என்ன லாபம் என்பது மட்டும் அப்போது பாடம். பிறகு ஒருநாள், ஏற்கெனவே உள்ள பெயருக்குப் புது மதிப்பு கொடுப்பதை ஒரு தனி நிகழ்ச்சியாக, ஒரு முழு வகுப்பாக வைப்பது. இரண்டையும் ஒரே பக்கத்தில் திணிப்பதால்தான் பாதிச் சிக்கல். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் மாறாத பெயருக்கும் மாறும் பெயருக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன; ரஸ்ட் மொழியில் மாறப்போகிறது என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் மாற்ற விடமாட்டார்கள். பெரியவர்களின் மொழிகளே இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டுப் பாடநூலிலும் இதற்கு ஒரு நல்ல வாசல் இருக்கிறது. வகுப்பில் அது பெரும்பாலும் வேகமாகக் கடக்கப்படுகிறது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல், சி++ தொடங்குவதற்கு முன்பே நெறிமுறைகளைப் பற்றிப் பேசும் பகுதியில் உழவன், ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் ஆற்றைக் கடக்கும் புதிரை எடுத்துக்கொள்கிறது. நம் பாட்டிமார் சொல்லும்போது ஓநாய்க்குப் பதில் புலி. நால்வருக்கும் நான்கு மாறிகள். ஒவ்வொன்றின் மதிப்பும் இடக்கரை அல்லது வலக்கரை. படகு ஒருமுறை போய்வந்தால் சில மாறிகள் மாறும், சில மாறாது. நான்கு மதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணத்தின் 'நிலை'. எண்ணே இல்லை, நினைவக முகவரி இல்லை, இன்ட் இல்லை, ஃப்ளோட் இல்லை. மாறி எதற்காகப் பிறந்ததோ அதை அந்தப் புதிர் நேரே காட்டுகிறது: நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் இப்போதைய நிலையைக் குறித்துவைத்தல். அங்கே மதிப்பு கொடுக்க ':=' குறியையே நூல் பயன்படுத்துகிறது. சி++ பகுதிக்கு வந்ததும் ஒற்றைச் சமக்குறி வருகிறது. ஏன் மாறியது என்று வகுப்பில் ஒரு பத்து நிமிடம் பேசினால் மேலே சொன்ன வரலாறு முழுவதும் வந்துவிடும்.

அடுத்து, பெயர். 'பெரியது' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால், உள்ளே வரும் எண்களில் பெரியதைக் கணினி தானே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நம்பும் மாணவர்கள் உண்டு. வேடிக்கையாகத் தோன்றும். 1986இல் ஸ்லீமன், புட்னம் முதலியோர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதே நம்பிக்கையைப் பதிவுசெய்தார்கள். அதே ஆண்டில் ராய் பீ, தொடக்கநிலைப் பிழைகள் பலவற்றுக்கும் பின்னால் ஒரே தாய்ப்பிழை இருப்பதாக எழுதினார்: எழுதியவரின் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் கணினிக்குள் ஒளிந்திருக்கிறது என்ற நினைப்பு. நல்ல பெயர் வையுங்கள் என்று நாம் சொல்லும் அறிவுரை, தெரியாமலே இந்த நினைப்புக்குத் தீனி போடுகிறது. 'பெரியது' என்ற பெயரை வகுப்பின் நடுவில் 'பூனைக்குட்டி' என்று மாற்றி, நிரல் அதே விடை தருவதைக் காட்டிவிட்டால் போதும். பெயர் மனிதருக்கு. கணினிக்குப் பூனைக்குட்டியும் ஒன்றுதான்.

தமிழில் பெயர் வைப்பதன் பயன் இங்கேதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆங்கிலம் நன்கு தெரியாத மாணவர் ஒரு பைத்தான் நிரலைப் பார்க்கிறார். எல்லாமே ஆங்கிலச் சொற்கள். இவற்றில் மொழிக்குச் சொந்தமானவை எவை, நிரல் எழுதியவர் தம் இஷ்டத்துக்கு வைத்தவை எவை என்று பிரிக்க அவரிடம் எந்த அடையாளமும் இல்லை. அதனால் 'டோட்டல்' என்ற சொல்லை எழுதினாலே கூட்டல் நடக்கும் என்று நினைப்பதும், மனப்பாடம் செய்த பெயரை மாற்றப் பயப்படுவதும் இயல்பு. 2008இல் வந்த பைத்தான் 3 முதல் தமிழ் எழுத்தில் மாறிப் பெயர் வைக்கலாம்; 'வயது = 15' எந்தக் கூடுதல் ஏற்பாடும் இல்லாமல் ஓடும். நிரலில் தமிழில் இருப்பதெல்லாம் நாம் வைத்தது, மற்றதெல்லாம் மொழி கொடுத்தது என்று பார்வையிலேயே பிரிந்துவிடுகிறது. ஆங்கிலவழி மாணவருக்கும் இது உதவும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி கட்டளைகளையும் தமிழாக்கி, 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும்படி செய்தது. கட்டைகளைக் கோத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மொழியைத் தாய்மொழியில் பயன்படுத்திய பிள்ளைகள் புதிய கருத்துகளை விரைவாகக் கையாளத் தொடங்கினார்கள் என்று தாஸ்குப்தாவும் ஹில்லும் 2017இல் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் மாறியைப் பொறுத்தவரை, கட்டளை ஆங்கிலத்திலும் பெயர் தமிழிலும் இருக்கும் கலப்பு நிரலே தொடக்கப் பாடத்துக்குச் சிறந்தது என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. 'பௌர்ணமி' என்பதை ஔகாரக் குறியோடும் அடிக்கலாம். எகரக் கொம்பு போட்டு ளகரத்தைச் சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. முதல் வரியில் ஒருவிதமாகவும் மூன்றாம் வரியில் வேறுவிதமாகவும் அடித்த மாணவர், அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஔகாரம் இல்லாத பெயர்களே நமக்குப் போதும்.

பெயரையும் வெறும் எழுத்துச் சரத்தையும் பிரிப்பதும் இதை ஒட்டிய சிக்கல். மேற்கோள்குறிக்குள் 'வயது' என்று இருந்தால் அந்த எழுத்துகள். குறி இல்லாவிட்டால் அதன் மதிப்பு. ஹெர்மன்ஸ் 2020இல் தொடங்கிய ஹெடி மொழி இதை அழகாகக் கையாள்கிறது. தொடக்கப் படிகளில் மேற்கோள்குறியே கிடையாது. மாறியின் பெயர் எங்கே வந்தாலும் மதிப்பாக மாறிவிடும். 'என் பெயர்' என்று அச்சிட நினைக்கும் பிள்ளை, 'பெயர்' என்ற மாறியின் மதிப்பு அங்கே வந்து விழுவதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும். அந்தச் சலிப்பு வந்த பிறகுதான் அடுத்த படியில் மேற்கோள்குறி அறிமுகமாகிறது. சமக்குறியும் அப்படியே காத்திருந்து வருகிறது. 1967இல் பிறந்த லோகோ இந்தப் பிரிவைக் குறியிலேயே வைத்திருந்தது: முன்னால் மேற்கோள்குறி இருந்தால் பெயர், முக்காற்புள்ளி இருந்தால் மதிப்பு.

ஸ்கிராட்ச் வேறு வழியில் போகிறது. எம்ஐடியிலிருந்து 2007இல் வெளிவந்த அதில் மதிப்பு கொடுக்கச் சமக்குறி கிடையாது. 'இந்த மதிப்பாக வை', 'இவ்வளவு மாற்று' என்று இரண்டு தனித்தனிக் கட்டைகள். 0 = 1 வாதத்துக்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு மாறியின் மதிப்பு திரையில் எப்போதும் தெரிகிறது. ஆட்டத்தில் புள்ளி ஏற ஏறக் கண்முன் எண் மாறுகிறது. காலத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் தொடக்கமொழி வேறில்லை. ஸ்கிராட்ச் படித்துவிட்டுப் பைத்தானுக்கு வரும் பிள்ளைக்கு முதலில் 'எண் += 1' காட்டலாம்; அதுதான் அவர்களுக்குத் தெரிந்த 'இவ்வளவு மாற்று'.

இத்தனை வழிகளிலும் ஒரு குறை பொதுவாக உண்டு. மாறி எப்படி வேலை செய்கிறது என்று சொல்கின்றன. எதற்கு என்று சொல்வதில்லை. விதிகள் எல்லாம் தெரிந்த மாணவர், நாற்பது பேரின் மதிப்பெண்ணில் சராசரி கண்டுபிடி என்றதும் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். எத்தனை மாறி வேண்டும், ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும் என்பது விதிகளில் இல்லை. பின்லாந்தின் யோன்சூ பல்கலைக்கழகத்தில் யோர்மா சயானியமி 2002இல் செய்த வேலை இந்த ஓட்டையை அடைத்தது. தொடக்கநிலைப் பாடநூல்களில் உள்ள நிரல்களை எடுத்து, ஒவ்வொரு மாறியும் நிரல் ஓடும்போது எப்படி மாறிக்கொண்டு போகிறது என்று பார்த்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பங்குகளே கிட்டத்தட்ட எல்லா மாறிகளையும், அவர் கணக்கில் 99 விழுக்காட்டை, விளக்கிவிட்டன.

இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஸ்கோர் போடும் நிரலில் இவற்றில் முக்கியமானவை எல்லாம் வந்துவிடும். மொத்த ஓவர் 20. ஒருமுறை கொடுத்தபின் மாறாத நிலைமதிப்பு. பந்து எண்ணிக்கை ஒன்று ஒன்றாக ஏறும் படியேறி. இந்தப் பந்தில் எடுத்த ஓட்டம், கடைசியாக வந்ததை மட்டும் வைத்திருக்கும். அடுத்தது வந்ததும் மறந்துவிடும். அணியின் மொத்த ஓட்டம் வந்ததையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் திரட்டி. ஒரே ஓவரில் எடுத்த அதிகபட்ச ஓட்டம், இதுவரை வந்ததில் சிறந்ததைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதைவிட மேலானது வந்தால் மட்டுமே மாறும். முந்தைய பந்தின் ஓட்டம் இன்னொரு மாறியின் பழைய மதிப்பை ஒரு படி தாமதமாகப் பின்தொடரும். யாராவது சதம் அடித்தாரா என்பது ஒருவழிக் கொடி. 'ஆம்' ஆகிவிட்டால் திரும்ப 'இல்லை' ஆகாது. ஒவ்வொரு பங்கும் காலப்போக்கில் ஒரு நடத்தை. இந்தப் பெயர்கள் கையில் இருந்தால் மாணவர், 'இங்கே ஒரு திரட்டி வேண்டும், ஒரு படியேறி வேண்டும்' என்று நிரல் எழுதும் முன்பே பேசத் தொடங்குகிறார். நம் பாடநூல்களில் இந்தப் பங்குகளுக்கு இன்னும் இடம் கிடைக்காதது எனக்கு வருத்தம். பத்துப் பக்கம்கூடத் தேவைப்படாது.

தொடக்க மதிப்பு என்ற தலைவலியும் பங்கு தெரிந்தால் பாதி தீரும். ரெனான் சமுர்சாய் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மாறியை மாற்றிக்கொண்டுபோகும் வரியைவிட முதன்முதலில் மதிப்பு கொடுக்கும் வரியே மாணவர்களுக்குக் கடினமாக இருந்தது. அன்றாட வாழ்வில் கூட்டத் தொடங்கும் முன் 'இப்போது பூச்சியம்' என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. திரட்டிக்குப் பூச்சியம் சரி. அதையே பார்த்து மதிப்பெண்களில் மிகக் குறைந்ததைத் தேடும் மாறிக்கும் பூச்சியம் கொடுத்தால், அது கடைசி வரை பூச்சியமாகவே இருக்கும். சி++ படிப்பவருக்கு இன்னொரு அபாயம்: சார்புக்குள் அறிவித்துவிட்டு மதிப்பு கொடுக்க மறந்த மாறியில் ஏதோ ஒரு குப்பை எண் கிடக்கும், நிரல் புகார் சொல்லாமல் ஓடவும் கூடும். பைத்தான் குறைந்தபட்சம் கத்தும்.

தரவினங்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. பைத்தானில் விசைப்பலகையிலிருந்து வாங்கிய 5ம் 5ம் கூட்டினால் 55 வரும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். இனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. முதல் நாளிலேயே இன்ட், ஃப்ளோட், சார், டபுள் என்று அட்டவணை போட்டு, எது எத்தனை பைட் என்று ரெக்கார்ட் நோட்டில் எழுத வைப்பதால் மாறி புரிந்த ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

காலத்தைக் கற்பிக்கக் கடைசியில் மிஞ்சுவது மிகப் பழைய கருவி: ட்ரை ரன். ஒரு தாள், ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு வரியும் ஓடியதும் கீழே ஒரு புது வரிசை. டு பூலே 1980களில் முன்வைத்த 'கருத்தியல் இயந்திரம்' என்பதன் ஏழைப் பதிப்பு அது. நிஜக் கணினியின் மின்சுற்று வேண்டாம், நிரலை ஓட்டும் ஓர் எளிய இயந்திரம் மாணவர் மனத்தில் இருந்தால் போதும் என்பது அவர் வாதம். 2004இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் செய்த ஆய்வில், சின்ன நிரல் என்ன செய்யும் என்று கணிக்கவே பல மாணவர்கள் திணறினார்கள். எழுதத் தெரியவில்லை என்று நாம் குறைப்படும் பலருக்கு உண்மையில் வாசிக்கத் தெரியவில்லை. தாளில் கவனமாகக் குறித்துக்கொண்டே போனவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

இதையே திரையில் காட்டுகிறது பிலிப் குவோ 2010இல் தொடங்கிய பைத்தான் டியூட்டர். நிரலை ஒட்டினால் வரி வரியாக முன்னும் பின்னும் போய் மாறிகளைப் படமாகக் காட்டும். அருமையான கருவி, ஆனால் வேடிக்கை பார்க்க வைத்துவிடும். பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். பின்லாந்தில் யுஹா சோர்வா இதற்கு மாற்றாக, கணினி செய்வதை மாணவரே திரையில் செய்துகாட்டும் மென்பொருளை வடித்தார். 2012இல் முடித்த அவரது முனைவர் ஆய்வேட்டில் தொடக்கநிலைத் தவறான புரிதல்கள் நூற்றைம்பதுக்கு மேல் தொகுக்கப்பட்டுள்ளன. மென்பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொத்தானை அழுத்தும் முன் அடுத்த மதிப்பை நோட்டில் எழுது என்று சொன்னால் அதே பலன்.

பட்டியல்கள் வரும் நாளில் படத்தை மாற்றியாக வேண்டும். க ஒரு பட்டியல்; ச = க; இப்போது ச-வில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் க-விலும் அது தெரிகிறது. நகல் என்று இதுவரை சொன்னது பொய்யா என்று கேட்பார்கள். இங்கே இருப்பது ஒரே பட்டியல், பெயர் இரண்டு. பெயரிலிருந்து பட்டியலுக்கு அம்புக்குறி வரைந்து காட்டுவதே வழி. சீட்டு உவமை தன் முழு பலத்தைக் காட்டும் இடம் இதுதான். முதல் நாளே இதைச் சொல்லி எல்லாரையும் மிரட்டத் தேவையில்லை. ஆனால் பட்டியல் பாடத்துக்குள் நுழையும்போது பழைய படம் இனி போதாது என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் வகுப்பில் நடந்தாலும், தேர்வுத்தாளில் 'மாறி என்றால் என்ன? வரையறு' என்ற இரண்டு மதிப்பெண் வினா இருக்கும்வரை, பிள்ளைகள் அதற்குத்தான் படிப்பார்கள். வேறு மாதிரியும் கேட்கலாம். ஒரு வகுப்பின் மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க எழுதிய பத்து வரி நிரலைக் கொடுத்து, 'சிறியது = 0' என்று அதைத் தொடங்க வைத்து, கேள்வியை இப்படிப் போடலாம்: இந்த நிரல் எந்த வகுப்புக்கு மட்டும் சரியான விடை தரும்? எந்த வரியை எப்படி மாற்றினால் எல்லா வகுப்புக்கும் சரியாகும்?